வைப்ரேட்டர் ரேடியோ: 1950-களின் காரில் அதோடு வந்த ரேடியோவை மீட்கும் வரிசை

பழைய செவர்லேயோ மாரிஸோ கைக்கு வந்து, டேஷ்போர்டில் அதன் சொந்த ரேடியோவும் இருந்தால், எல்லோரும் முதலில் செய்வது சுவிட்சைத் திருகிப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோவில் கெட்டுப்போன ஒரு சின்ன கன்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்), நன்றாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் வைப்ரேட்டரையும் சேர்த்து எரித்துவிடும். கன்டன்சர் எளிதாகக் கிடைக்கும். அந்த மாடலின் டிரான்ஸ்ஃபார்மர் அப்படிக் கிடைக்காது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். மூடியைக் கழற்றியதும் வால்வுகளுக்கு நடுவே கண்ணாடி இல்லாத உருளையான ஒரு தகர டப்பா சாக்கெட்டில் செருகியிருந்தால் அதுதான் வைப்ரேட்டர். டப்பா இல்லாமல், வால்வுகளோடு பின்பக்கத் தகட்டில் பெரிய பவர் டிரான்சிஸ்டர் ஒன்று திருகியிருந்தால் அது 1950-களின் பிற்பகுதியில் வந்த கலப்பு வகை. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறோம்.

வைப்ரேட்டரின் வேலை இது. பேட்டரி தருவது 6 அல்லது 12 வோல்ட். வால்வின் பிளேட்டுக்கு (உள்ளே உயர் மின்னழுத்தம் வாங்கும் தகடு) வேண்டியது 200 முதல் 250 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் டிசியை ஏற்காது என்பதால், டப்பாவுக்குள் ஒரு எஃகு நாக்கு வினாடிக்குச் சுமார் 115 முறை துடித்து மின்சாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி விடுகிறது. ஒவ்வொரு முறை தொடர்பு விடும்போதும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மின்னழுத்த உதை எழும். அதை வாங்கிக்கொள்ளத்தான் செகண்டரியின் (டிரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தச் சுற்று) குறுக்கே பஃபர் கன்டன்சர் வைத்திருக்கிறார்கள். அது கசிந்தால் செகண்டரி ஷார்ட் ஆன மாதிரி ஆகி, வைப்ரேட்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், ஃப்யூஸ் போகும். யாராவது பெரிய ஃப்யூஸ் போட்டு ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே கருகியிருக்கும்.

காரிலிருந்து கழற்றும்போது ஸ்பீக்கரையும் சேர்த்து எடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ரேடியோவை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடும். காரின் எர்த் (பேட்டரியில் கார் உடலோடு இணைத்த முனை) பாசிட்டிவா நெகட்டிவா என்றும் எழுதி வையுங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். தனியாக ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக மாற்றும்) வால்வு உள்ள ரேடியோவுக்கு இரண்டும் ஒன்றுதான். ரெக்டிஃபயர் இல்லாமல் வைப்ரேட்டரே அந்த வேலையையும் செய்யும் வகைக்கு எர்த் மாறினால் ஆகாது. கார் 12 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டிருக்கலாம், ரேடியோ இன்னும் 6 வோல்ட்டாகவே இருக்கலாம். வால்வு எண் 6 என்று தொடங்கினால் பெரும்பாலும் அப்படித்தான். அதில் 12 வோல்ட் கொடுத்தால் வால்வுகளுக்குள் சூடேறும் இழைகள் போய்விடும்.

பெஞ்சில் முதல் வேலை பஃபர். சர்க்யூட் படத்திலோ பழைய கன்டன்சரின் மேலோ மதிப்பு இருக்கும், வழக்கமாக 0.005-லிருந்து 0.02 மைக்ரோஃபாரட்டுக்குள். அந்த மதிப்பை மாற்றாதீர்கள், அது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொருத்திக் கணக்கிட்டது. தாங்கும் அளவு 1600 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பழைய டியூப் டிவியின் ஹாரிசான்டல் அவுட்புட் பகுதியில் போடும் 1600 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கன்டன்சர் இதற்கு அருமையாகப் பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் டிவி உதிரிபாகம் விற்கும் கடைகளில் அப்படியே கேட்டுப் பாருங்கள். 630 வோல்ட்டில் ஒன்றைப் போட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்தால் சில மணி நேரத்தில் அதே பழுது திரும்ப வரும்.

அடுத்தது மெழுகு பூசிய காகிதக் கன்டன்சர்கள். ஓரத்தில் மெழுகு பிதுங்கி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். பார்வைக்கு நன்றாக இருப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். 0.05 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.047, 0.02 இருந்த இடத்தில் 0.022, எல்லாம் 630 வோல்ட் ஃபிலிம் வகை. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டுப் பிறகு எது எங்கே என்று தேடுவது பெரும்பாடு. இவற்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் 0.01 கன்டன்சர். அது லேசாகக் கசிந்தாலும் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, 6வி6 அல்லது 6ஏக்யூ5 என்ற அந்த அவுட்புட் வால்வு சிவக்கச் சிவக்க எரியும். மைக்கா கன்டன்சர்களைச் சும்மா விட்டுவிடுங்கள், அவை அரிதாகத்தான் கெடும்.

டிசியைச் சீராக்கும் ஃபில்டர் எலக்ட்ரோலிடிக் கன்டன்சர்கள் பெரும்பாலும் ஒரே டப்பாவில் இரண்டு மூன்றாக இருக்கும். டப்பாவை அழகுக்காக மேலே விட்டு, அதன் இணைப்பைத் துண்டித்து, அடியில் புதியவற்றை வையுங்கள். 20 மைக்ரோஃபாரட்டுக்கு 22, 400 வோல்ட். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 100 போட வேண்டாம்: ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் ரெக்டிஃபயரும் வைப்ரேட்டரும் அடி வாங்கும். கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும். குறித்த அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள்.

இனி மின்சாரம். பேட்டரி 12 வோல்ட்தானே என்று கை வைக்காதீர்கள், உள்ளே ஓடுவது 250 வோல்ட். அணைத்த பிறகும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஃபில்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டே தொடுங்கள். வைப்ரேட்டரை வெளியே எடுத்து வைத்து, வால்வுகளின் இழைகள் ஒளிர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். உலோக உடல் கொண்ட 0இசட்4 ரெக்டிஃபயர் இருந்தால் அதற்கு இழையே கிடையாது, ஒளிராததைப் பழுது என்று நினைக்க வேண்டாம். பிறகு ஃப்யூஸும் அம்மீட்டரும் தொடரில் வைத்து, வைப்ரேட்டரைச் செருகி, முழு மின்னழுத்தத்தை ஒரே அடியாகக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது வீட்டு ரேடியோவுக்குச் சரி. இங்கே நாக்கு துடிக்காமல் ஒட்டி நின்று முனைகள் எரியும். ஒரு சீரான ரீங்காரம் கேட்க வேண்டும். 6 வோல்ட் ரேடியோ 6 முதல் 8 ஆம்பியர் வரையும், 12 வோல்ட் 3 முதல் 4 வரையும் இழுக்கும். ரீங்காரம் இல்லாமல் ஆம்பியர் மட்டும் எகிறினால் உடனே அணையுங்கள்.

ரீங்காரமே இல்லை, ஆம்பியரும் ஏறவில்லை என்றால் முனைகளில் ஆக்சைடு படிந்திருக்கும். டப்பாவின் விளிம்பை நிமிர்த்தித் திறந்தால் உள்ளே சுற்றிய நுரை ரப்பர் பொடியாக உதிரும். முனைகள் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். 600 எமரித் தாளை மடித்து முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று முறை இழுத்து, ஆல்கஹால் தொட்ட காகிதத்தால் துடைத்து, இடைவெளியை வளைக்காமல் மூடுங்கள். இப்படி மீண்ட வைப்ரேட்டர் எத்தனை நாள் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. காரைத் தினமும் ஓட்டுகிறவர்கள் அதே டப்பா வடிவில் வரும் டிரான்சிஸ்டர் வைப்ரேட்டரை வாங்கிவிடலாம். வாங்கும்போது எர்த் எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்குங்கள், மாறினால் ஒரு நொடியில் போய்விடும்.

ரீங்காரம் வந்ததும் முதல் ஃபில்டரில் 200-க்கு மேல் வோல்ட் இருக்கிறதா, அவுட்புட் கிரிட்டில் பாசிட்டிவ் இல்லாமல் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சத்தம் சன்னமாக இருக்கிறது என்று ஐஎஃப் (ரேடியோ உள்ளே பயன்படுத்தும் இடைநிலை அதிர்வெண்) திருகுகளைத் திருகும் பழக்கம் பலருக்கு உண்டு. பாகங்கள் மாறியபின் பெரும்பாலான செட்டுகளில் அந்தத் திருகுகளைத் தொட வேண்டிய தேவையே வராது. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொட்டால் திரும்ப வைக்கவும் முடியாது. பல அமெரிக்கக் கார் ரேடியோக்களின் ஐஎஃப் 455 அல்ல, 262 கிலோஹெர்ட்ஸ். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

டயல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பின்பக்கம் அச்சிட்ட எண்கள் துணியோடு வந்துவிடும். உலர்ந்த தூரிகை போதும். பட்டன் இயக்கத்தில் இறுகிய கிரீஸை ஆல்கஹாலால் கரைத்துத் துளி லித்தியம் கிரீஸ் வையுங்கள், ஆனால் வழுக்கக் கூடாத கிளட்ச் தட்டில் படவிடாதீர்கள்.

கலப்பு வகையில் வால்வுகளே 12 வோல்ட்டில் ஓடும், அதனால் 250 வோல்ட் பயம் இல்லை. அங்கே ஆபத்து ஸ்பீக்கரில். 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்த டெல்கோவில் (ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியோ) 4 ஓம் மாட்டினால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடேறிப் போகும்.

ரேடியோவின் வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எஃப்எம், புளூடூத் போர்டு வைத்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல செட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். வெட்டி எறிந்த சர்க்யூட் திரும்ப வராது. பழைய பாகங்களை எல்லாம் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

காரில் திரும்ப மாட்டியதும் எஞ்சின் ஓடும்போது கொரகொரப்பு வந்தால், இக்னிஷன் காயிலில் சுவிட்சிலிருந்து வரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கன்டன்சர் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் பக்கம் போகும் முனையில் வைத்தால் எஞ்சின் திணறும். வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் டைனமோவிலிருந்து வருவது. அதன் பெரிய முனையில் இன்னொன்று, ஃபீல்டு முனையில் கூடாது. ஏரியல் கேபிள் அறுந்திருந்தால் டிவி கேபிளைப் போடாதீர்கள். அதன் கொள்ளளவு மீட்டருக்கு 50 பிகோஃபாரட்டுக்கு மேல். கார் ஏரியல் கேபிளில் சுமார் 30. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ட்ரிம்மரால் (ரேடியோவை ஏரியலுக்குப் பொருத்தும் சிறு திருகு) முடியாது.

கடைசியாக அந்த ட்ரிம்மர். ஏரியலை முழுதாக நீட்டி, டயலில் 1400 பக்கம் மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றை, இல்லையென்றால் வெறும் இரைச்சலை வைத்து, ஏரியல் சாக்கெட் அருகிலுள்ள சிறு திருகைச் சத்தம் உச்சத்துக்கு வரும்வரை திருப்புங்கள். அரைச்சுற்றில் வித்தியாசம் தெரியும். பெஞ்சில் செய்த அமைப்பு காரில் செல்லாது, வண்டியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.