விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ இழப்பீடு கோருவது எப்படி?

விமானம் ரத்து என்ற அறிவிப்பு வந்ததும் கவுன்ட்டர் முன் வரிசையில் நின்று, உணவுக் கூப்பனை வாங்கிக்கொண்டு, நமக்குரியது அவ்வளவுதான் என்று திரும்பிவிடுபவர்கள் ஏராளம். உண்மையில் உரிமைகள் மூன்று. காத்திருக்கும் நேரத்துக்கான உணவும் தங்குமிடமும் முதலாவது. டிக்கெட் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது இன்னொன்று. ஏற்பட்ட தொல்லைக்கான இழப்பீடு மூன்றாவது. கூப்பனை வாங்கிக்கொண்டதாலேயே மற்ற இரண்டும் கைநழுவிப் போவதில்லை.

முதலில் உங்கள் பயணத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, அங்கிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே செல்லும் விமானம் என்றால், அது ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனத்தினுடையதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆகவே போகும்போது இல்லாத உரிமை திரும்பும்போது இருக்கலாம். தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ கிடைக்கும். ரத்து என்றால், 14 நாட்களுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தால் இந்தத் தொகை கிடையாது.

தாமதத்தைப் பொறுத்தவரை, எப்போது புறப்பட்டது என்பதைவிட எப்போது சேர்ந்தது என்பதே முக்கியம். மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்த்த ஒரு வழக்கில், சக்கரங்கள் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம்; நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம்; அதன் பிறகே கதவு திறந்தது. பயணிகள் வெளியேறுவதற்காக ஒரு கதவாவது திறக்கப்படும் தருணமே சேர்ந்த நேரம் என்று நீதிமன்றம் கூறியது. எனவே கதவு திறந்ததும் கைபேசியில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடம் உங்கள் கோரிக்கையைக் காப்பாற்றலாம். ஒரே முன்பதிவில் இணைப்பு விமானமும் இருந்தால், கடைசியாகச் சேர வேண்டிய இடத்தில் ஏற்பட்ட தாமதமே கணக்கு.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் வேறு. உரிய காலத்தில் தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரத்துக்கேற்ப 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். வெறும் தாமதத்துக்கு இழப்பீட்டுத் தொகை இல்லை. உணவு, நீண்ட தாமதத்தில் தங்குமிடம், ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறுவது என்பதோடு சரி. முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு மறுக்கப்படும் என்பதால், ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தாலும் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணே பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

இந்த இரண்டும் பொருந்தாத சர்வதேசப் பயணங்களில் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பெரும்பாலும் கைகொடுக்கும். அதில் நிலையான தொகை இல்லை. தாமதத்தால் நேர்ந்த உண்மையான இழப்பை ரசீதுகளுடன் நிரூபிக்க வேண்டும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகளே அவகாசம்.

நிறுவனங்கள் மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ‘அசாதாரணச் சூழ்நிலை’. கடும் வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தடை போன்றவை உண்மையிலேயே அதில் அடங்கும். ஆனால் வழக்கமான பராமரிப்பில் தெரியவரும் இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே விமான நிலையத்தில் இருக்கும்போதே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், ஒலிபெருக்கியில் சொன்னதையும் அறிவிப்புப் பலகையின் படத்தையும் நேரத்துடன் சேமித்து வையுங்கள். பிற்பாடு காரணம் மாறினால் அதுவே உங்கள் சான்று.

கோரிக்கையை நிறுவனத்தின் இணையதளத்திலோ மின்னஞ்சலிலோ நீங்களே அனுப்பலாம். விமான எண், தேதி, முன்பதிவு எண், சேர வேண்டிய நேரம், சேர்ந்த நேரம், பொருந்தும் விதி, கேட்கும் தொகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் இணையுங்கள். பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதாகச் சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஐரோப்பிய விதியின்படி உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் அதைத் திணிக்க முடியாது.

மறுப்போ மௌனமோ பதிலானால், ஐரோப்பாவில் அந்தந்த நாட்டின் விமானப் பயணிகள் உரிமை அமைப்பிடமும், இந்தியாவில் ஏர்சேவா என்ற அரசின் புகார்த் தளத்திலும் புகார் செய்யலாம். அதன் பிறகும் தீராவிட்டால், இந்தியாவில் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.