மறுக்கப்பட்ட கோரிக்கையிலும் ஹெடர் வரும்: ஃப்ளட்டரில் வாசிக்கும் முறை

மாரி மழைக்கு இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கும் நாளில், குளத்து நீர்மட்டம் காட்டும், ஃப்ளட்டர் (Flutter) என்ற செயலி கட்டும் கருவியில் எழுதிய உங்கள் செயலியைக் கிளிநொச்சி முழுக்க ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வர் தாங்காமல் 429 (கோரிக்கைகள் மிகை) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) என்ற எண்ணோடு மறுக்கும். திரையில் "பிழை" என்று மட்டும் வந்தால் சனம் திரும்பத் திரும்ப அமத்தும். சேர்வர் இன்னும் திணறும். எப்போது மீண்டும் வரலாம் என்பதைச் சேர்வர் அந்த மறுப்போடேயே ரீட்ரை-ஆஃப்டர் (Retry-After) ஹெடரில், அதாவது பதிலோடு வரும் தலைப்புக் குறிப்பில், சொல்லியிருக்கலாம். அதை எடுப்போம்.

படி 1: இணையக் கோரிக்கை அனுப்பும் டயோ (dio) 5 பொதியில் கோரிக்கையை, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் (try-catch) உள்ளே வையுங்கள். 200 முதல் 299 வரையான எண்களைத் தவிர மற்றவற்றுக்கு அது டயோஎக்ஸெப்ஷன் (DioException) என்ற பிழையை எறியும்.

படி 2: பிடித்த பிழையின் ரெஸ்பொன்ஸ் (response, சேர்வரின் பதில்) நல் (null, வெறுமை) ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல் என்றால் பதிலே வரவில்லை: சிக்னல் இல்லை, அல்லது டைம்அவுட். அங்கே ஹெடரும் இருக்காது. முத்தையன்கட்டு வயலில் நிற்பவருக்கு "இணைப்பு இல்லை" என்பதும் "சேர்வரில் நெரிசல்" என்பதும் வேறு வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

படி 3: ரெஸ்பொன்ஸ் இருந்தால் அதன் ஹெடர்ஸில் (headers) வேல்யூ (value) முறையால் ரீட்ரை-ஆஃப்டரைக் கேளுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. ஆனால் ஒரே பெயரில் பல மதிப்புகள் வந்தால் வேல்யூ முறையே பிழை எறியும். குக்கியைச் சேமிக்கச் சொல்லும் செட்-குக்கி (Set-Cookie) ஹெடர் அப்படி வரக்கூடியது. அதைச் சதுர அடைப்பால், headers['set-cookie'] என்று, பட்டியலாக எடுங்கள்.

படி 4: பலர் சறுக்கும் இடம் இது. மதிப்பு "120" போல செக்கன் எண்ணாகவும் வரும், முழுத் திகதியாகவும் வரும். முதலில் எண்ணாக மாற்றிப் பார்க்க இன்ட் ட்ரைபார்ஸ் (int.tryParse) செய்யுங்கள். நல் வந்தால் திகதியாக வாசிக்க எச்டிடிபிடேட் பார்ஸ் (HttpDate.parse), அதையும் ட்ரை-கேட்சுக்குள். திகதி கிரீன்விச் நேரத்தில் இருக்கும்: அங்கே 06:00 என்றால் நமக்கு 11:30. திரையில் காட்டுமுன், உள்ளூர் நேரமாக்க டூலோக்கல் (toLocal) போடுங்கள். போனின் கடிகாரம் பிழையாக இருக்கலாம். ஆகவே காத்திருப்பைக் கணக்கிட, அந்தத் திகதியிலிருந்து அதே பதிலின் டேட் (Date, பதில் அனுப்பிய நேரம்) ஹெடரைக் கழிப்பதே நம்பகமானது.

படி 5: அந்த நேரம் முடியும்வரை மீள்முயற்சிப் பொத்தானை முடக்கி, மீதிச் செக்கன்களைக் காட்டுங்கள். ஹெடர் வராவிட்டால் 2, 4, 8 செக்கன் என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

சோதிக்க, கணினியில் 429 மட்டும் அனுப்பும் சிறு சேர்வரை ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலிருந்து (கணினிக்குள் ஓடும் போலி போன்) அதை 10.0.2.2 முகவரியில் அடையலாம். பிறகு அந்தச் சேர்வரை நிறுத்திவிட்டு, படி 2 இன் செய்தி வருகிறதா என்றும் பாருங்கள்.