சீலியாக் நோயில் கடும் வயிற்றுப்போக்கு: உடல் நீர் வற்றாமல் காப்பது எப்படி

வயிற்றுப்போக்கால் துவண்டு கிடப்பவருக்கு நம் வீடுகளில் வழக்கமாக என்ன கொடுப்போம் என்று எண்ணிப் பாருங்கள்: பார்லித் தண்ணீர், ரவைக் கஞ்சி, பாலில் நனைத்த ரொட்டித் துண்டு, மால்ட் பானம், பெருங்காயம் கரைத்த நீர்மோர். சீலியாக் நோய் உள்ள ஒருவருக்கு இவற்றில் ஒன்றுகூட ஆகாது. பார்லியிலும் மால்ட்டிலும் ரவையிலும் ரொட்டியிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது, இந்நோயில் குடலுக்குக் கேடாவது அதுதான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ஆகவே இந்நோயாளிக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில், அன்போடு நீட்டப்படும் டம்ளரையே முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு ஒன்பது வயதில் இந்நோய் உறுதியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமண விருந்தில் சோறும் சாம்பாரும் மட்டுமே சாப்பிட்டாள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியது. இரவு முழுவதும் தண்ணீராகப் போயிற்று. சாம்பார் கெட்டியாக இருப்பதற்காக மைதா கரைத்து ஊற்றியதை மறுநாள் சமையற்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். விடியற்காலையில் பக்கத்து வீட்டு அத்தை, சூட்டைத் தணிக்கும் என்று சொல்லி, பார்லிக் கஞ்சி ஒரு சொம்பு கொண்டுவந்தார். பதற்றத்தில் நானும் அதை டம்ளரில் ஊற்றிவிட்டேன். ‘அம்மா, இது பார்லியா?’ என்று அந்தச் சோர்விலும் அவள்தான் கேட்டாள். அதன் பிறகு கற்றுக்கொண்டதையும், மருத்துவர்கள் சொல்லி நாங்கள் கடைப்பிடிப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சீலியாக் என்பது ஒவ்வாமை அன்று. கோதுமை, பார்லி, ரை என்னும் தானியங்களில் உள்ள குளூட்டனைக் கண்டு உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும் நோய். எனவே குளூட்டன் உள்ளே போனபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி, கடும் சோர்வு வரலாம். ஆனால் தொண்டை அடைப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, உடலெங்கும் தடிப்பு ஆகியவை சீலியாக்கின் அடையாளங்கள் அல்ல. அவை தோன்றினால் கோதுமை ஒவ்வாமையாகவோ வேறோர் ஒவ்வாமையாகவோ இருக்கலாம். வீட்டில் காத்திருக்காமல் அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும்.

சீலியாக் எதிர்வினையில் நாம் அஞ்ச வேண்டியது நீரிழப்பைத்தான். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொள்ளும் பரப்பு குறைந்துபோயிருக்கும். பேதியோடு சோடியமும் பொட்டாசியமும் வெளியேறும்போது ஈடுகட்டும் வலு அந்தக் குடலுக்குக் குறைவு. ஆகவே வாந்தியோ பேதியோ தொடங்கியதும், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் அமைந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அதில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பும், 13.5 கிராம் குளுக்கோஸும், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும், 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருக்கும். இந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு: குளுக்கோஸ் குடற்சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது, அவ்விரண்டின் பின்னால் நீரும் உள்ளே போகிறது. சர்க்கரை மிகுந்துவிட்டால் இதுவே தலைகீழாகி, உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். அதனால்தான் குளிர்பானமும் பெட்டியில் அடைத்த பழச்சாறும் இந்நேரத்தில் கூடாது. இந்த அளவில் இல்லாத இனிப்புப் பானங்கள் தம் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆயினும் வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கான பொட்டலமும் கடையில் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துவிடும் தவறு பல வீடுகளில் நடக்கிறது, குழந்தைக்கு அது ஆபத்து.

பொட்டலம் கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். தேக்கரண்டியைக் கோபுரமாக அள்ளாமல், கத்தியின் முதுகால் வழித்துத் தலை தட்டி அளக்க வேண்டும். கரைத்தபின் ஒரு சொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்குமானால் உப்பு கூடிவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை பேதியானபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், பத்து வயது வரை 100 முதல் 200 மில்லியும், பெரியவர்களுக்கு முடிந்த அளவும் கொடுக்க வேண்டும். குடித்ததும் வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு தேக்கரண்டியாக, ஓரிரு நிமிட இடைவெளியில் ஊட்டுங்கள். இதற்குப் பொறுமை மிக வேண்டும். என் மகளுக்கு அன்று இரவு ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரமாயிற்று, ஆனால் இறங்கியது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியமோ குறைவு. ஆகவே கரைசலுக்கு அதைத் துணையாகக் கொள்ளலாமே தவிர மாற்றாகக் கொள்ளக் கூடாது. பால் இரண்டொரு வாரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனெனில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, வாழைப்பழம், பெருங்காயம் இல்லாத நீர்த்த மோர் ஆகியவை நம் வீட்டிலேயே உள்ள நல்ல உணவுகள். சத்துமாவுக் கஞ்சியை அரிசிக் கஞ்சியைப் போல எண்ணிவிடாதீர்கள். அதில் கோதுமையும் பார்லியும் வறுத்துச் சேர்த்திருப்பார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருக்கும்போது போடவே கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவும் கூடாது. காய்ச்சலும் இரத்தமும் இருந்தால் அது கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். சீலியாக் உள்ளவருக்கு வரும் எல்லாப் பேதிக்கும் குளூட்டனே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமல் இருப்பது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, கண்கள் குழிவிழுவது, குழந்தை அழுதும் கண்ணீர் வராதது, கிள்ளிய தோல் மெல்லவே பழைய நிலைக்குத் திரும்புவது, கரைசல் எதுவும் தங்காமல் வாந்தியாவது, நினைவு குழம்புவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால் தசைகள் வலுவிழந்து படபடப்பு ஏற்பட்டால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். விரல்களும் வாயைச் சுற்றிய பகுதியும் மரத்துக் கை தானாக இழுத்துக்கொண்டால் கால்சியம் குறைந்திருக்கலாம். இவை கரைசலால் சரியாகும் நிலைகள் அல்ல. வீட்டில் எடைபார்க்கும் கருவி இருந்தால் காலையும் மாலையும் ஏறிப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

அரிதாக, இந்நோய் ‘சீலியாக் நெருக்கடி’ என்னும் கட்டத்துக்கும் போகும். இடைவிடாத பேதி, வேகமான எடைக்குறைவு, இரத்தத்தில் அமிலம் மிகுதல், உப்புகள் சரிதல் ஆகியவை சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை இது. நோய் இன்னும் கண்டறியப்படாதவர்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. அறுவை சிகிச்சை, தொற்று, பிரசவம் போன்றவை தூண்டுகோலாக அமைவதுண்டு. நரம்பு வழியே நீரும் உப்புகளும் ஏற்றுவதோடு, சிலருக்கு ஸ்டீராய்டு மருந்தும் தேவைப்படும். நாட்கணக்கில் உண்ணாதிருந்தவருக்கு ஒரேயடியாக உணவைக் கூட்டினால் பாஸ்பேட் சரிந்து வேறோர் ஆபத்து வரும் என்பதால், உணவைப் படிப்படியாகக் கூட்டுவதும் மருத்துவரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு மருத்துவமனையில் என் மகளுக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்தபோதே காலைத் தட்டில் ரவைக் கஞ்சியும் ரொட்டியும் வந்தன. நோய்க் குறிப்பில் சீலியாக் என்று எழுதியிருந்தும் சமையற்கூடத்துக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. அன்றுமுதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுகிறோம்: ‘சீலியாக் நோய். கோதுமை, ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பார்லி, மால்ட், கூட்டுப் பெருங்காயம் கூடாது. அரிசி, பருப்பு, காய், முட்டை, பழம் கொடுக்கலாம்.’ புதிதாக எழுதித்தரும் மாத்திரைகளில் கோதுமை மாவுச்சத்து உள்ளதா என்பதையும் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீலியாக்குடன் முதல் வகை நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்கள் உண்டு. அவர்கள் சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது. இரத்தச் சர்க்கரையையும், இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் கீட்டோன் என்னும் அமிலப் பொருளையும் அடிக்கடி பார்த்து, மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் பிரியவும் மாத்திரை எடுப்பவர்கள், நீர் வற்றிய நாட்களில் அவற்றைத் தொடரலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு.

தேறியபின், குளூட்டன் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். பொட்டலங்களில் ‘குளூட்டன் அற்றது’ என்றிருந்தால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆனால் விருந்துச் சாம்பாருக்கும், பரோட்டா போட்ட கல்லிலேயே வார்த்த தோசைக்கும் எந்தப் பொட்டலமும் இல்லை. சமைத்தவரிடமே நேராகக் கேட்பதுதான் வழி. இப்போது எங்கள் வீட்டில் பால் பெருங்காயக் கட்டியை, கலப்பில்லை என்று விசாரித்து வாங்கி, தனி டப்பாவில் வைத்திருக்கிறோம். வெளியூர் போகும்போது மகளின் பையில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், ஒரு லிட்டர் கோடு போட்ட பாட்டிலும், அந்த அட்டையும் இருக்கும். பொட்டலங்களின் காலாவதித் தேதியை மாதந்தோறும் அவளே பார்த்துக்கொள்கிறாள்.