காற்றாலை எழுந்தது, கம்பி வரவில்லை: பெரிய காற்றாலைப் பண்ணைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிக்குத் தென்கிழக்கில் 365 காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. மொத்தம் 310 மெகாவாட். 2017-லேயே எல்லாவற்றையும் நட்டு முடித்தாகிவிட்டது. ஆனால் 2018 செப்டம்பர் வரை மின்சாரம் வெளியே போக வழியில்லை. அதை எடுத்துச் செல்ல வேண்டிய, 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மின்பாதை முடியவில்லை. பாதை போட வந்த ஸ்பானிய நிறுவனம் நடுவில் நொடித்துப்போனது. கோபுரம் நட வேண்டிய நிலங்களுக்கான இழப்பீடும் இழுத்தடித்தது. பாதை அரசின் பொறுப்பு என்பதால், தாமதத்துக்கான தண்டமும் அரசின் தலையில்தான் விழுந்தது.

நான் பெரிய தவறாகச் சொல்வது இதைத்தான். காற்றாலை ஒருவர் கையில், மின்பாதை இன்னொருவர் கையில் என்று விட்டுவிடுகிறார்கள். காற்றாலைக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும். மின்பாதை ஊர் ஊராகத் தாண்டி வர வேண்டும். அதனால் பாதை வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அடுத்தது நிலம். அங்கே ஒதுக்கியது 1,50,000 ஏக்கர். பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் பொட்டல். சம்புரு, துர்கானா, ரெண்டில்லே மக்களுக்கோ தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்த இடம். வழக்குப் போட்டார்கள். பட்டா கொடுத்த முறை சட்டப்படி இல்லை என்று 2021-ல் நீதிமன்றம் சொன்னது. காற்றாலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த தீர்ப்பு அது! வேலி இல்லாத நிலத்துக்கும் உரிமைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் முதல் கம்பம் நடுவதற்கு முன்பே போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, காற்றை அளப்பதில் என்ன தவறு நடக்கும்? ஆடிக்காற்றை மட்டும் அளந்துவிட்டுக் கணக்குப் போடுவதுதான். காற்றில் கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் போய்விடும். ஆகவே இறக்கை சுழலப்போகும் உயரத்தில் குறைந்தது ஒரு முழு ஆண்டு அளக்க வேண்டும்.

அடித்தள கான்கிரீட்டை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாது.

அப்புறம் கிரேன். காற்று பலமாக இருக்கும்போது இறக்கையைத் தூக்க முடியாது. வாடகை மட்டும் ஓடும். அளந்து வைத்த ஓராண்டுக் கணக்கைப் பிரித்து, காற்று அடங்கும் மாதங்களையும் மணிகளையும் பார்த்துவிட்டு கிரேனுக்கு முன்பணம் கொடுங்கள்.