பிரிண்டர் வாங்கப் போறீங்களா? மொதல்ல இங்க் விலையைக் கேளுங்க

எங்கிட்ட யாராவது "எந்த பிரிண்டர் வாங்கலாம்"னு கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், அதோட இங்க் என்ன விலைன்னு பாத்தீங்களா? பாதிப் பேரு பாத்திருக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் வாங்குனேன், பெட்டி விலை கம்மியா இருந்துச்சு, ஸ்கேனும் இருக்கு, எடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அக்கா பொண்ணுக்கு ஒரு அப்ளிகேஷன் பிரிண்ட் எடுக்கணும், ஒரே ஒரு பக்கம், முழுக்க கறுப்பு எழுத்து, கலர்னு ஒரு புள்ளி கூட இல்ல. பிரிண்டர் ஸ்க்ரீன்ல "மெஜந்தா தீந்துடுச்சு, மாத்துங்க"ன்னு வந்து நிக்குது, மெஜந்தாங்கறது ரோஸ் மாதிரி ஒரு கலர் இங்க். கறுப்பு இங்க் பாதிக்கு மேல இருக்கு. ஓகே அழுத்தினேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், கறுப்பு மட்டும்னு செட்டிங்க்ஸ்ல மாத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. சரி, கையால எழுதின தாளையாவது ஸ்கேன் பண்ணி அனுப்பலாம்னா அதுவும் ஓடல. ஸ்கேன் பண்றதுக்கு எதுக்கு இங்க்? அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்க முடியல எனக்கு. இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்ல, இங்க் தீந்தா ஸ்கேனும் நின்னுடுதுன்னு 2021ல அமெரிக்கால கேனான் கம்பெனி மேல வழக்கே போட்டாங்க.

அன்னைலருந்து இதைப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன், நாலஞ்சு பேருக்கு வாங்கிக் குடுத்து செட் பண்ணியும் குடுத்திருக்கேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதை அப்படியே எழுதறேன்.

மொதல்ல இந்த வியாபாரம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கணும். மெஷினைக் கம்மி விலைக்குக் குடுத்துட்டு, லாபத்தை இங்க்ல எடுக்கறாங்க. அதனால நீங்க வெளில இருந்து வேற இங்க் வாங்கிடக் கூடாது, வாங்குனா அவங்க கணக்கே கெட்டுடும். அதுக்குத்தான் கார்ட்ரிட்ஜ்ல, அதாவது இங்க் இருக்கற டப்பால, ஒரு குட்டி சிப், இது நம்ம கம்பெனி இங்க்தானான்னு மெஷின் அதை வச்சுத்தான் பாக்கும். இந்த சிப் இல்லாம பிரிண்ட் ஆகாதோன்னு நெனைக்காதீங்க. 2022 ஆரம்பத்துல உலகம் பூரா சிப் தட்டுப்பாடு வந்தப்போ கேனான் கம்பெனியே சில ஆபீஸ் மெஷினுக்கு சிப் இல்லாத டோனரை, அதாவது லேசர் பிரிண்டர்ல இங்க்குக்கு பதிலா போடற பவுடரை, வித்துச்சு. அவங்க மெஷினே அவங்க டோனரைப் பாத்து இது சரியில்லன்னு எச்சரிக்கை காட்டுச்சு, அந்த எச்சரிக்கையை எப்படித் தாண்டிப் போறதுன்னு கம்பெனியே மக்களுக்கு சொல்லிக் குடுத்துச்சு. அச்சடிக்கறதுக்கு சிப் தேவையே இல்லைன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி போடற கணக்குதான் முக்கியம். மாடல் பேரைப் போட்டு அதோட கார்ட்ரிட்ஜ் நம்பரைக் கண்டுபிடிங்க, அந்தக் கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் அடிக்கும்னு பெட்டிலயோ கம்பெனி பக்கத்துலயோ போட்டிருப்பாங்க, விலையை அந்தப் பக்கக் கணக்கால வகுத்துப் பாருங்க. ஒரே பிரிண்டருக்கு சின்ன கார்ட்ரிட்ஜ் 100 பக்கம், பெருசு 400 பக்கம்னு வச்சுக்கங்க, பெருசோட விலை சின்னதை விட ரெண்டு மடங்கா இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஆகற செலவு பாதிதான். இந்தப் பக்கக் கணக்கு சும்மா போடறது இல்ல, இங்க்கைத் தெளிச்சு அடிக்கற இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711, கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752ன்னு உலக அளவுல ஒரு டெஸ்ட் முறை இருக்கு. ஆனா அந்த டெஸ்ட்ல நிறுத்தாம அடிச்சுக்கிட்டே போவாங்க. வீட்ல வாரத்துக்கு ரெண்டு பக்கம் எடுக்கறவங்களுக்கு அந்த நம்பர் வரவே வராது, ஏன்னா ஹெட்ல, அதாவது இங்க்கைத் தெளிக்கற பாகத்துல, ஒவ்வொரு தடவை கிளீனிங் ஓடறப்பவும் பேப்பர்ல படாமயே இங்க் வீணாப் போகுது. அதனால பெட்டில போட்டிருக்கறதை விடக் கணிசமா கம்மியாத்தான் வரும்னு நெனச்சே வாங்குங்க. இன்னொண்ணு, புது பிரிண்டரோட வர்ற கார்ட்ரிட்ஜ் நெறைய மாடல்ல முழுசா ரொப்பினது இல்ல, அது ஆரம்பத்துக்கு மட்டும்னு குடுக்கறது. புது மெஷினே ஒரு கார்ட்ரிட்ஜ் செட் விலைக்குத்தான் இருக்கு, தீந்தா இன்னொரு மெஷினே வாங்கிடலாம்னு நெனைக்கறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க.

எந்த வகை வாங்கறதுங்கறதுல என் அபிப்பிராயம் ரொம்பத் தெளிவு. வீட்ல எழுத்துதான் அதிகம் பிரிண்ட் எடுப்பீங்கன்னா, பள்ளிக்கூட நோட்ஸ், ஃபார்ம், டிக்கெட் இதெல்லாம்தான்னா, கண்ணை மூடிட்டு கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்க. டோனர் பவுடர், அது காயாது. மூணு மாசம் தொடாம வச்சுட்டு எடுத்தாலும் மொதல் பக்கமே நல்லா வரும். தீரப் போற மாதிரி மங்கலா வந்தா டோனரை எடுத்து பக்கவாட்டுல நாலு தடவை மெதுவா ஆட்டிட்டுப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். சில பிராண்டுல டிரம் (டோனரை வாங்கி பேப்பர்ல பதிக்கற உருளை) தனியா, டோனர் தனியா வரும், சிலதுல ரெண்டும் ஒண்ணாவே வரும். தனியா வர்றதுல டிரம்மையும் என்னைக்காவது மாத்தணும், அதோட விலையையும் கணக்குல சேத்துக்கங்க. லேசர்லயும் பக்கத்தை எண்ணி வச்சுட்டு டோனர் தீந்துடுச்சுன்னு நிறுத்தற மெஷின் இருக்கு, ஆனா நெறைய மாடல்ல மெனுக்குள்ள "தொடர்ந்து அடி"ங்கற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆன் பண்ணிட்டா உண்மையிலயே மங்கற வரைக்கும் அடிக்கும்.

கலர் வேணும், மாசம் பூரா அடிக்கப் போறீங்கன்னா டேங்க் பிரிண்டர். பாட்டில்ல வாங்கி ஊத்திக்கலாம். எப்சன் இதை 2010ல இந்தோனேசியாலதான் மொதல்ல விட்டாங்க. அங்கெல்லாம் ஜனங்க கார்ட்ரிட்ஜுக்கு டியூப் சொருகி வெளில பாட்டில் வச்சு தாங்களே ஓட்டிட்டு இருந்தாங்க, அதைப் பாத்துட்டுதான் கம்பெனி இறங்கி வந்துச்சு. இன்னைக்கு மத்த பெரிய பிராண்டுகள்லயும் டேங்க் வந்துடுச்சு. மெஷின் விலை கூடத்தான், ஆனா ஒரு பக்கத்துக்கு ஆகற செலவு கார்ட்ரிட்ஜ் கிட்டயே வராது. எப்பவாவது ஒண்ணு ரெண்டு எடுக்கறவங்க மட்டும் இதை வாங்காதீங்க, பாட்டில் இங்க்கா இருந்தாலும் ஹெட்ல காய்ஞ்சா அடைப்பு அடைப்புதான். இன்னொரு முக்கியமான விஷயம், எந்த இங்க்ஜெட் வாங்கினாலும் வேஸ்ட் இங்க் எங்க போகுதுன்னு கேளுங்க. கிளீனிங்ல வடியற இங்க் அடில ஒரு பஞ்சுல ஊறும், அது ரொம்பிடுச்சுன்னு உள்ள இருக்கற கவுண்டர் முடிவு பண்ணிட்டா மெஷின் நின்னுடும், சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போகணும். சில மாடல்ல இது தனி டப்பாவா, நாமளே கழட்டி மாத்தற மாதிரி வரும். ரெண்டு மாடலுக்கு நடுவுல யோசிச்சா அந்த டப்பா இருக்கறதையே எடுங்க.

பெட்டில இன்னும் ஒண்ணு கவனிக்கணும். ஹெச்பில "ஹெச்பி பிளஸ்"னு ஒரு திட்டம் போட்டு வித்தாங்க, அந்த மாதிரி மாடல் நம்பர் கடைசில சின்ன ஆங்கில "ஈ" எழுத்து இருக்கும். அதுல சேந்தா அக்கவுண்ட் வேணும், இன்டர்நெட் எப்பவும் இருக்கணும், அந்த பிரிண்டர் உசுரோட இருக்கற வரைக்கும் கம்பெனி இங்க்தான் போடணும். பதிலுக்குக் கொஞ்சம் இலவச இங்க்கும் கூடுதல் வாரண்டியும் தருவாங்க. பழைய ஸ்டாக், செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களும் இதைப் பாத்துக்கங்க. காசு குடுத்து வாங்குன சாமான் இன்டர்நெட் இல்லைன்னா வேலை செய்யாதுங்கறதை என்னால ஏத்துக்கவே முடியல, எந்த கம்பெனி செஞ்சாலும் சரி.

வீட்டுக்கு வந்ததும் செட் பண்றப்போ அவசரப்படாதீங்க. ஸ்க்ரீன்ல அடுத்து, அடுத்து, சம்மதம்னு வரிசையா வரும், அங்கதான் எல்லாத்தையும் கோத்து விடறாங்க. கம்பெனி ஆப் இல்லாமயே பெரும்பாலும் ஓட்டலாம், ஃபோன்லருந்து நேரா பிரிண்ட் எடுக்க ஐஃபோன்ல 2010லருந்தே ஏர்பிரிண்ட் இருக்கு, ஆண்ட்ராய்டுல மோப்ரியா இருக்கு, கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி கேபிள் போட்டா போதும். ஃபர்ம்வேர்ங்கறது பிரிண்டருக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர், அதோட ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நான் ஆஃப் பண்ணித்தான் வைப்பேன். காரணம் சொல்றேன். 2016 செப்டம்பர்ல ஒரே சமயத்துல உலகம் முழுக்க நெறைய ஹெச்பி பிரிண்டருங்க, நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்த வேற கம்பெனி கார்ட்ரிட்ஜை இது வேணாம்னு தள்ளிடுச்சு, ஃபர்ம்வேர்ல முன்னாடியே போட்டு வச்சிருந்த வேலை. ஜனங்க கொந்தளிச்சதும் ஒழுங்கா தெரிவிக்கலன்னு கம்பெனி மன்னிப்புக் கேட்டுது, அதை எடுத்துவிட ஒரு ஃபர்ம்வேரும் குடுத்துது, ஆனா பழக்கத்தை விடல. 2020ல இத்தாலில இந்தத் தடையைச் சரியா சொல்லாம வித்ததுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டாங்க. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கற அப்டேட்டும் இதே வழிலதான் வரும், அது நெஜம். அதனால அப்டேட்டே போடாம பிரிண்டரை நெட்ல விட்டு வைக்காதீங்க, நெட்டை விட்டே வெளில வச்சுட்டு கேபிள்ல ஓட்டுங்க, இல்லன்னா அப்டேட்ல என்ன மாத்தறாங்கன்னு படிச்சுப் பாத்துட்டு கையால போடுங்க.

வேற கம்பெனி இங்க், ரீஃபில் இதெல்லாம் போடலாமான்னு கேக்கறாங்க. போடலாம், எல்லாமே நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன், மட்டமான இங்க் ஹெட்டை அடைச்சுடும், அதையும் பாத்திருக்கேன். ஆனா போடறதா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது நாம. லெக்ஸ்மார்க்னு ஒரு பிரிண்டர் கம்பெனி இந்த ரீஃபில் விஷயத்தை கோர்ட் வரைக்கும் கொண்டு போச்சு, 2017ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, வித்ததோட பேட்டன்ட் உரிமை தீந்துது, வாங்கினவங்க அதை ரீஃபில் பண்ணா பேட்டன்ட்டைக் காட்டித் தடுக்க முடியாதுன்னு.

தினப்படி பழக்கத்துல சில விஷயம் இருக்கு. இங்க்ஜெட்டை பிளக் பாயின்ட்ல ஆஃப் பண்ணாதீங்க, பிரிண்டர்ல இருக்கற பட்டனைத்தான் அழுத்தணும், அப்பதான் ஹெட் ஓரமாப் போய் மூடிக்குள்ள உக்காரும், இல்லன்னா திறந்தபடியே நின்னு காய்ஞ்சுடும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லா கலரும் இருக்கற மாதிரி ஏதாவது ஒரு சின்ன பக்கம் எடுங்க. கோடு கோடா வந்தா உடனே கிளீனிங் போடாதீங்க, மொதல்ல மெனுல நாஸில் செக்னு இருக்கற டெஸ்ட் பக்கத்தை எடுத்து எந்த கலர் விடுபடுதுன்னு பாருங்க, அப்புறம் ஒரு கிளீனிங், அப்பவும் வரலன்னா மறுபடி மறுபடி போடாம சில மணி நேரம் விட்டுட்டுப் பாருங்க. கார்ட்ரிட்ஜ்லயே ஹெட் இருக்கற மாடல்னா இன்னும் சுலபம், கழட்டி வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச டிஷ்யூ மேல அடிப்பக்கத்தை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, செப்புக் கலர்ல இருக்கற காண்டாக்ட்டைத் தொடாம. கலர் கார்ட்ரிட்ஜ்னா டிஷ்யூல பக்கத்துல பக்கத்துல மூணு கலர் பட்டையா இறங்கணும். ரெண்டுதான் இறங்குதுன்னா இறங்காத கலர்லதான் அடைப்பு. தூக்கிப் போட இருந்த எத்தனையோ கார்ட்ரிட்ஜ் இதுல பொழைச்சிருக்கு.

கறுப்பு எழுத்து எடுக்கறப்போ பேப்பர் வகைல "பிளெயின்"தான் இருக்கணும். போட்டோ பேப்பர்னு இருந்துச்சுன்னா நெறைய மாடல்ல மூணு கலரையும் கலந்துதான் கறுப்பு அடிக்கும், கலர் ஏன் இவ்ளோ சீக்கிரம் தீருதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. இங்க் கம்மின்னு மெசேஜ் வந்த உடனே மாத்தாதீங்க, பல கார்ட்ரிட்ஜ்ல அது அளந்து சொல்றது இல்ல, எத்தனை துளி அடிச்சோம்னு எண்ணி வச்சு உத்தேசமா சொல்றது. மாத்துன்னு கட்டாயமா நிக்கற வரைக்கும் இல்ல பிரிண்ட் மங்கற வரைக்கும் ஓட்டுங்க, மாத்து கார்ட்ரிட்ஜ் ஒண்ணு கைவசம் இருந்தா பயமே இல்ல.

மாசச் சந்தா இங்க் எடுத்திருக்கறவங்களுக்கு. இதுல நீங்க இங்க்குக்கு காசு குடுக்கல, மாசத்துக்கு இத்தனை பக்கம்னு பக்கத்துக்குக் குடுக்கறீங்க. ஹெச்பி இன்ஸ்டன்ட் இங்க் மாதிரி திட்டத்துல சந்தாவை நிறுத்திட்டா, கடைசி பில் காலம் முடிஞ்சதும் உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜ் முழுசா இருந்தாலும் அடிக்காது. அதனால கேன்சல் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி சாதா கார்ட்ரிட்ஜ் ஒரு செட் வாங்கி வச்சுக்கங்க, கேன்சல் ஆனதுக்கு வர்ற மெயிலை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துக்கங்க, அடுத்த ரெண்டு மாசம் கார்டு ஸ்டேட்மென்ட்ல காசு போகலைன்னு பாத்துக்கங்க. பிரிண்டரை யாருக்காவது குடுக்கறதா இருந்தா மொதல்ல உங்க அக்கவுண்ட்ல இருந்து அதை எடுங்க, அப்புறம் ஃபேக்டரி ரீசெட், அதுக்கப்புறம்தான் கைல குடுக்கணும், இல்லன்னா உங்க சந்தா, வைஃபை விவரம் எல்லாம் அது கூடவே போயிடும்.