ஃபியூஸ் கட்டை சொல்லும் சேதி

பழைய வீட்டின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது கம்பியின் தடிமனைத்தான். எங்கள் வீட்டுப் பீங்கான் கட்டை ஒன்றில், மூன்று செம்பு இழைகளை முறுக்கிச் செருகியிருந்தார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்ற எரிச்சலில் யாரோ செய்த வேலை! அப்படிச் செய்தால் கம்பி உருகுவதற்குள் சுவருக்குள் ஓடும் வயர் கருகிவிடும். கட்டையில் பொறித்த ஆம்பியருக்கு மேல் கம்பி போடவே கூடாது.

மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கட்டையை உருவுங்கள். மெயினுக்குள் வரும் முனைகளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். அந்தப் பக்கம் கை போகவே வேண்டாம்.

உருவிய கட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் அதிகச் சுமை. ஒரே நேரத்தில் ஓடிய கருவிகளில் ஒன்றைக் குறைத்தால் போதும். பீங்கானில் கரி அப்பி, கம்பியே காணாமல் போயிருந்தால் ஷார்ட் சர்க்யூட். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி கட்டுவது வீண்.

ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும் சர்க்யூட் பிரேக்கரில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு: அதிகச் சுமையில் ஈருலோகத் தகடு சூடாகி வளையும், ஷார்ட்டில் மின்காந்தச் சுருள் நொடிக்குள் இழுத்துவிடும். விழுந்த பிரேக்கரை முழுதாகக் கீழே தள்ளிவிட்டு மேலே ஏற்றுங்கள். மீண்டும் விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஷாக்கிலிருந்து காக்க ஃபியூஸும் பிரேக்கரும் போதாது. அதற்கு, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) தனியாக வேண்டும்.