ஆறு மேசை போட்டால் குழு ஆகிவிடாது: ஆரம்ப சுகாதார நிலையங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டாக்டர், மூன்று மணி நேர ஓபி, நூறு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அதனால் பிபி பார்க்க நர்ஸ், ரத்தம் எடுக்க லேப், மாத்திரைக்கு மருந்தாளுநர் என்று வேலையைப் பிரிக்கிறார்கள். சறுக்கல் அங்கேயே தொடங்குகிறது. வேலை பிரிகிறது, ஒருவர் கண்டது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை. நோயாளி நான்கு வரிசையில் நின்று நான்கு பேரிடமும் முதலிலிருந்து கதை சொல்கிறார்.

மதுரையில் குழு வேலை என்றதும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கைகாட்டுவார்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். பயிற்சி பெற்ற உதவியாளர்கள் பார்வை, கண் அழுத்தம் எல்லாம் பார்த்து வைத்த பிறகு டாக்டர் பார்ப்பார். அருமையான ஏற்பாடு. ஆனால் கண்புரையை அறுவை செய்து முடித்துவிடலாம். சர்க்கரை அப்படியில்லை, அதே ஆள் இருபது வருஷம் அதே வாசலுக்கு வர வேண்டும். வேலைப் பிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் பாதிதான் கிடைக்கும்.

ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவார்கள். மொட்டு விரிந்தால் விலை போகாது. அப்படிப் போகிற, சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயோடு, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போடுகிறார், சீட்டில் ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்றுதானே இருக்கிறது. கஞ்சி குடிக்கப் பத்து மணி ஆகும். பரிசோதனை நாளில் வேலைக்குப் போகாவிட்டாலும் டீ நிற்காது. எட்டரை மணிக்கு லேபில் ‘வெறும் வயிறு’ என்று பதிவாகிறது. அளவு கூடுதலாக வர, டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். அடுத்த வாரம் வரப்பில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி அந்த அம்மா விழுகிறார். லேப், டாக்டர், மருந்தகம் மூன்றும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்பது யார் வேலை என்றுதான் யாரும் எழுதி வைக்கவில்லை.

கேட்கும் விதமும் முக்கியம். “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்றால் “போடுறேன்யா” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுச் சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் உண்மை வரும். இப்படி விடியுமுன் டீ குடித்துவிடுகிறவர்களுக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை பொருந்தும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறே தேவையில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போய், ஆள் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. இது வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிபி பார்ப்பதில் நடக்கும் தவறு சிறியதாகத் தெரியும், விளைவு பெரியது. உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்க்க வந்தவரை நின்றபடியே அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி, பேசவிடாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். ஒரு பெரிய பட்டை வாங்கி வைப்பது பெரிய செலவில்லை.

நர்ஸிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு எல்லையைச் சொல்லாமல் விடுவது அடுத்தது. பிபி 180/110 அல்லது அதற்கு மேல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், காலில் புண், சர்க்கரை 70-க்குக் கீழ் அல்லது 300-க்கு மேல், கர்ப்பிணி: இவர்கள் வரிசையில் நிற்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். இதை டாக்டர் கையெழுத்தோடு சுவரில் ஒட்டுங்கள். இல்லையென்றால் பயந்து எல்லோரையும் உள்ளே அனுப்புவார்கள், அல்லது யாரையும் அனுப்பமாட்டார்கள்.

ஓபிக்கு முன் பத்து நிமிடம் கூடிப் பேசச் சொன்னால் அது டார்கெட் கணக்குக் கேட்கும் கூட்டமாகிவிடுகிறது. மூன்று கேள்வி போதும்: இன்று வர வேண்டியவர் யார், போன வாரம் வராதவர் யார், எந்த மாத்திரை இருப்பு குறைகிறது. முதலில் கிராம செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரும் பேசட்டும். வராத பெரியவர் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருப்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்லது. ஆனால் மாத்திரை கொடுத்ததும் ‘பார்த்தாச்சு’ என்று கணக்கு எழுதினால் காலில் இருக்கும் புண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை.

மாத்திரைப் பை இன்னொரு சமாச்சாரம். டவுனில் தனியார் டாக்டர் எழுதியதும் இங்கே கொடுத்ததும் வேறு வேறு பெயரில் ஒரே அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையாக இருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டும் உள்ளே போகும், கால் வீங்கும். ஒவ்வொரு முறையும் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி மருந்தாளுநர் மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் திரும்பி வரும்போதும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து மாறியிருக்கும், நோட்டில் பழையதே நிற்கும். பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது நர்ஸா, மருந்தாளுநரா என்று பெயர் சொல்லி முடிவு செய்யாத நிலையத்தில் நோயாளி இரண்டு சீட்டு மாத்திரையையும் சேர்த்தே போடுவார்.